செக்ரோல் அக்காவும் ஒன்பதாம் நம்பர் படகும்

யார் வந்தார், யார் வரவில்லை என்பதை இன்னொருவர் சொல்லி அக்கா ஏற்றுக்கொண்டதே கிடையாது. சம்பந்தப்பட்ட ஆள் வாயைத் திறந்து "இருக்கேனுங்க" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் கையிலிருக்கும் பென்சில் தாளைத் தொடும். "அவரு பின்னாடி வர்றாருங்க" என்றால், "வரட்டுங்க, வந்து சொல்லட்டும்" என்பார். குரலை உயர்த்த மாட்டார். கோபப்படவும் மாட்டார். ஆணி அடித்த மாதிரி அப்படியே உட்கார்ந்திருப்பார். நமக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நடுவட்டம் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருடம் ஆள் கணக்கு எழுதியவர் அவர். அந்தப் பெரிய நோட்டுக்கு எங்கள் ஊரில் செக்ரோல் என்று பெயர். அதனால் அவர் செக்ரோல் அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை. நான் அதே எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். லயன் என்று சொல்லும் எஸ்டேட் வரிசை வீட்டில் பிறந்து, அந்த லயனிலிருந்தே வேலைக்குப் போனவன்.

விடிந்ததும் எல்லோரும் பெரட்டுக்களத்தில் கூடி நிற்போம். அங்கேதான் ஆள் கணக்கு எடுத்து வேலை பிரித்துக் கொடுப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், அடுப்பு எரியவில்லை, தண்ணீர் வரவில்லை என்று யாராவது பத்து நிமிடம் பிந்தத்தான் செய்வார்கள். அப்போது பக்கத்து வீட்டுக்காரி, "அவ இருக்காங்க, பின்னால நிக்கறா" என்று குரல் கொடுப்பாள். நாளைக்கு இவளுக்கு அவள் கொடுப்பாள். லயனில் அதற்குப் பொய் என்று பெயரில்லை. என் அம்மா அப்படி எத்தனை நாள் தப்பித்திருக்கிறாள், எத்தனை பேரைத் தப்புவித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அக்கா செக்ரோலில் உட்கார்ந்த பிறகு அதெல்லாம் நின்றுபோனது. என் அம்மா வீட்டுக்கு வந்து கொழுந்துக் கூடையை விட்டெறிவாள். "ஒரு நாளைக்கு ஒரு வார்த்தைக்கு எரங்குவாளா அவ? நெஞ்சுல கல்லு வெச்சிருக்கா!" என்று கத்துவாள். எனக்கும் அக்காவைக் கண்டால் ஆகாது. ரொம்ப நாள் வரைக்கும் அப்படித்தான்.

ஒரு முறை எஸ்டேட் ஆட்கள் பஸ் எடுத்து வேளாங்கண்ணிக்குப் போனோம். மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் ஏறியாயிற்று, டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டேயிருக்கிறார், அக்கா படியில் நிற்கிறார். ஒரு ஆள் குறைகிறது. "அவரு மச்சான் ஊட்டுக்குப் போறேன்னு எறங்கிட்டாருங்க, நானே பார்த்தேன்" என்று ஒருவர் சத்தியம் பண்ணினார். அக்கா அசையவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அந்த ஆள் ஒரு கையில் மிக்சர் பொட்டலத்தோடு ஆடி அசைந்து வந்தார். மச்சான் வீட்டுக்குப் போக நினைத்தாராம், வேண்டாமென்று விட்டுவிட்டாராம். பஸ்ஸே சேர்ந்து அவரைத் திட்டியது. அக்கா மட்டும், "வந்துட்டீங்களாங்க?" என்றார். அவர் "வந்துட்டேனுங்க" என்றதும் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

இந்தக் குணத்துக்குத்தான் அவரைக் கார் ரேலிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கோயமுத்தூர் கிளப் ஒன்று வருடா வருடம் எங்கள் மலையில் ரேலி நடத்தும். எமரால்டிலிருந்து அவலாஞ்சிப் பக்கம் போய்த் திரும்பும் பாதையில் அக்காதான் நேரம் குறிப்பார். காருக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, ஒருவர் வழி சொல்ல. இரண்டு பேரும் பேர் சொன்னால்தான் நேரம் எழுதுவார். ஒரு தடவை முதலாவதாக வந்த கார்க்காரன், "அவன் சீட்டைச் சாய்ச்சுத் தூங்கறானுங்க, எழுப்ப வேண்டாமுங்க" என்றான். அக்கா எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். சீட்டில் ஒரு ஜெர்கினுக்குத் தொப்பி மாட்டி வைத்திருந்தது. பாரம் குறையட்டும் என்று கூட வந்தவனை எமரால்டிலேயே இறக்கிவிட்டு வந்திருக்கிறான் மகராசன்! சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா ஜெர்கினை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த காரைக் கூப்பிட்டார்.

அதே கிளப்தான் பிறகு படகுப் போட்டி என்று கிளம்பியது. சின்னச் சின்ன ஃபைபர் படகுகள், பின்னால் ஒரு என்ஜின், படகுக்கு இரண்டு ஆள். கண்ணூரிலிருந்து கடலோரமாகவே பொன்னானி வரைக்கும் ஒரு நாள், அங்கிருந்து கொச்சி வரைக்கும் மறுநாள். கடலில் நடக்கும் போட்டியை மலையில் உட்கார்ந்து நடத்தலாம் என்று சொன்னவன் நான். எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம், லைசென்சும் உண்டு. கரையில் நின்று பேசினால் பத்து மைல் தாண்டாத ரேடியோ, எங்கள் ஃபேக்டரிக்கு மேலிருக்கும் முகட்டில் ஆன்டெனா கட்டினால் கண்ணூரிலிருந்து பொன்னானி வரைக்கும் கேட்கும். நடுவில் வடகரையைத் தாண்டி ஒரு துண்டு மட்டும் கேட்காது. வயநாட்டு மலை மறைத்துவிடும். அந்த இடத்துக்குக் காது கேட்காத துண்டு என்றே பெயர் வைத்திருந்தோம். படகு எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியெல்லாம் கிளப் அதற்கடுத்த வருடம்தான் வாங்கியது.

ஏற்பாட்டுப் பொறுப்பை அக்காவிடம் கொடுத்தார்கள். அவர் அதுவரை படகில் கால் வைத்ததில்லை. முதல் முறை பேப்பூரில் ஏற்றிக் கூட்டிப்போனபோது குடல் வெளியே வருமளவு வாந்தியெடுத்தார். ஆனால் மூன்று மாதத்தில் கண்ணூரிலிருந்து பொன்னானி வரைக்கும் ஒவ்வொரு துறையிலும் இரண்டு மீன்காரர்களின் போன் நம்பர் அவர் நோட்டில் ஏறிவிட்டது. கூடலூர்ப் பக்கத்து மலையாளத்தில் அவர்களோடு மணிக்கணக்கில் பேசுவார். மதியத்துக்கு மேல் காற்று எழும்பும், அதற்குள் எல்லாப் படகும் கரையேற வேண்டும் என்று விடியற்காலையிலேயே கிளம்ப வைத்தவரும் அவர்தான்.

விதியும் அவர் எழுதியதுதான். வழியில் வடகரை, அதற்குத் தெற்கே பேப்பூர், இரண்டு இடத்திலும் கொடி கட்டிய மீட்புப் படகு நிற்கும். அதைத் தாண்டும்போது ஒவ்வொரு படகும் நடுவட்டத்தைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் தங்கள் குரலில் பேர் சொல்ல வேண்டும். பதினான்கு படகும் பேப்பூரைத் தாண்டிய பிறகுதான் வடகரை மீட்புப் படகுக்கு விடுதலை. குன்னூரில் நடந்த கூட்டத்தில் இதைப் படித்தபோது ஒன்பதாம் நம்பர் படகுக்காரர் எழுந்தார். கோயமுத்தூரில் பம்பு செட் பட்டறை வைத்திருப்பவர், கலகலப்பான மனுஷர். பங்காளி ஒருவரோடு சேர்ந்து ஓட்ட வந்திருந்தார்.

"ஏனுங்க மேடம், நாங்க என்ன ஒன்னாங்கிளாஸ் பசங்களாங்க, உள்ளேன் ஐயா சொல்றதுக்கு?"

கூட்டம் சிரித்தது. அக்கா அவரையே பார்த்தார். "சொல்லோணுமுங்க" என்றார். அவ்வளவுதான்.

போட்டியன்று ஃபேக்டரி ஆபீஸ் அறைதான் எங்கள் கட்டுப்பாட்டு அறை. வெளியே பனிமூட்டம், எதிரிலிருக்கும் கொழுந்து ஷெட் கூடத் தெரியவில்லை. ரேடியோவில் நான், பக்கத்தில் தாளும் பென்சிலுமாக அக்கா, பின்னால் கிளப் ஆட்கள் இருவர். வடகரையில் பதினான்கு படகும் பேசின. இருபத்தெட்டுக் குரல். பட்டறைக்காரர் அங்கேயும், "உள்ளேன் ஐயா!" என்று கத்தினார்.

பேப்பூரில் படகுகள் கும்பலாக வந்துவிட்டன. அந்த நேரம் பார்த்துப் பொன்னானித் துறையிலிருந்து அக்காவின் செல்லுக்குப் போன். படகு கட்டும் இடத்தில் ஏதோ தகராறு. அறைக்குள் சிக்னல் சரியில்லை என்று அக்கா தாளை என்னிடம் தள்ளிவிட்டு வராந்தாவுக்குப் போனார். நான் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வந்தாயிற்று. பதின்மூன்றாவதாக நாலாம் நம்பர் பேசியது. இரண்டு பேரும் பேர் சொல்லிவிட்டு, அதில் ஒருவர் சொன்னார்:

"ஒன்பதும் எங்களுக்குப் பின்னாடியே வருதுங்க. அவிய ரேடியோ நனைஞ்சுபோச்சாட்டிருக்குது. அவியளையும் சேர்த்து எழுதிக்குங்க."

நான் இரண்டு முறை ஒன்பதைக் கூப்பிட்டேன். இரைச்சல்தான் வந்தது. ரேடியோ நனைந்தால் எப்படிப் பேசும்? பாவம், இதற்காக அவர்களுக்கு ஏன் நேரம் போக வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். டிக் போட்டேன்.

அக்கா உள்ளே வந்து தாளைப் பார்த்தார். பென்சில் முனை ஒன்பதில் நின்றது. எதற்காக அதில் நின்றது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. மற்ற டிக்குகளை விட அது சின்னதாக இருந்திருக்கலாம்.

"ஒன்பது, ரெண்டு குரலும் கேட்டீங்களாங்க?"

பின்னால் கிளப் ஆட்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் அவரவர் போனில் இருந்தவர்கள், எதையும் கவனித்திருக்கவில்லை. "கேட்டேனுங்க அக்கா" என்றேன்.

அவர் மைக்கை வாங்கி, வடகரை மீட்புப் படகைக் கரைக்குப் போகச் சொன்னார். பேப்பூர் மீட்புப் படகைப் பொன்னானிப் பக்கம் இறங்கச் சொன்னார். பத்தே நிமிடத்தில் வடக்குக் கடல் முழுக்கக் காலி.

பதினோரு மணியிலிருந்து படகுகள் பொன்னானியில் ஏற ஆரம்பித்தன. பதினோராவது படகு, பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது. மணி பதினொன்றரை ஆயிற்று. ஒன்பது வரவில்லை. நாலாம் நம்பர்க்காரரைப் போனில் பிடித்தோம். "பின்னாடி ஒரு வெள்ளைப் படகு வந்துச்சுங்க, ஒன்பதுன்னுதான் நெனச்சேன்" என்று இழுத்தார்.

அக்கா மறுபடி என்னிடம் திரும்பினார். "ஏனுங்க, பேப்பூர்ல அவிய பேசுனாங்கல்ல?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பேசுனாங்க" என்றேன். எப்படியும் தெற்கேதான் எங்கேயோ என்ஜின் நின்று மிதப்பார்கள், கண்டுபிடித்துவிடுவார்கள், என் டிக்கும் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. மீட்புப் படகு பேப்பூருக்கும் பொன்னானிக்கும் நடுவில் தேடப் போனது. ஆளில்லாத கடலில் ஆளைத் தேட அனுப்பிவிட்டு நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவட்டத்துக் குளிரில் வளர்ந்த உடம்பு, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மேஜை மேலிருந்த ஃபேக்டரி லைன் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். பொன்னானித் துறையிலிருந்து பட்டறைக்காரரின் சம்சாரம்.

"இங்க எல்லாரும் வந்துட்டாங்களாமுங்க. இவரு மட்டும் காணோமுங்க. நீங்க அவருகிட்டப் பேசுனீங்களாங்க? என்னங்க சொன்னாரு?"

என்ன சொன்னார்! போனை வைத்தேனா, கையிலிருந்து விழுந்ததா தெரியாது. "அக்கா" என்றேன். "நான் கேக்கலைங்க. ரெண்டு குரலும் கேக்கலை. நாலாம் நம்பர் சொன்னாருன்னு போட்டுட்டேன்."

அறையில் கிளப் ஆட்கள் இல்லை. ஆன்டெனாப் பக்கம் போன் சிக்னல் தேடிப் போயிருந்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி ஒரு மூச்சு விட்டார்.

"வடகரையில பேசுனது நெசமுங்களா?"

"அது நெசமுங்க. நீங்களே கேட்டீங்க."

"அப்ப காது கேக்காத துண்டு" என்றார்.

வடகரை மீட்புப் படகுக்காரர் படகைக் கட்டிவிட்டுச் சோற்றில் கை வைத்திருந்தார். அக்கா அவரை அப்படியே எழுப்பினார். நோட்டைத் திறந்து அதே ஃபேக்டரி போனில் வடகரை, கொயிலாண்டி என்று ஒவ்வொரு மீன்காரராக அழைத்தார். "சேட்டா, வெள்ளை வள்ளம், ரெண்டு ஆளு, ஆரஞ்சு ஜாக்கெட்டு. ஒன்னு நோக்கணும் சேட்டா, வேகம்." ஒரே வாக்கியம், இருபது பேரிடமாவது சொல்லியிருப்பார். காற்று எழும்பிவிட்டது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரை ஆனது. திரும்பி வந்த கிளப் ஆட்கள், "ஏன் மேடம் வடக்கே தேடறீங்க?" என்று கேட்டதற்கு, "பேப்பூர்க் கணக்குத் தப்புங்க" என்று மட்டும் சொன்னார். யார் தப்பு என்று சொல்லவில்லை. நான் கடவுளை வேண்டினேன் என்று எழுத ஆசைதான். அந்த நேரம் எனக்கு எந்தக் கடவுளின் பேரும் ஞாபகம் வரவில்லை.

ஒரு மணிக்குக் கொயிலாண்டி மீன்காரர் ஒருவர் அழைத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். கவிழ்ந்த படகு, வலைக்கயிறு என்ஜின் காற்றாடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது, மேலே இரண்டு பேர். ஏற்றியாயிற்று.

"ரெண்டாளும் உண்டு, சேச்சி" என்றார் அவர்.

கிளப் ஆட்கள் கைதட்டினார்கள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "போனை அவிய கையில கொடுங்க."

பங்காளி பேசினார். அழுகையும் இருமலுமாகப் பேர் சொன்னார். "இன்னொருத்தரு?" என்றார் அக்கா. "அவரு பக்கத்துலதான் இருக்காருங்க மேடம், நல்லா இருக்காரு, பேச முடியலீங்க..."

"அவரே பேசட்டுங்க."

என்ஜின் சத்தம், காற்று, யாரோ மலையாளத்தில் அதட்டுவது எல்லாம் கேட்டது. அக்கா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். எத்தனை நேரமென்று நான் எண்ணவில்லை. கடைசியில் பல் கிட்டிய ஒரு குரல், "இ... இருக்கேனுங்க" என்றது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்வெட்டர் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் ஓட்டத்தை ரத்து செய்தார்கள். கிளப் விசாரணை வைத்தது. அதற்கு முந்தின நாள் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, எழுதி வைத்திருந்த அறிக்கையைக் காட்டினார். குரல் கேட்காமலேயே பேப்பூர்க் கட்டத்தில் டிக் விழுந்தது தன் தவறு, மீட்புப் படகை விடுவித்ததும் தன் தவறு என்று எழுதியிருந்தார். என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"அக்கா, இது என்னங்க அநியாயம்?" என்றேன்.

"விதி எழுதுனது நானுங்க. அவிய குரலைக் கேக்காம உங்க வார்த்தையை எடுத்துக்கிட்டதும் நான்தான். உங்களை மட்டும் எதுக்கு நம்புனேன்னு எனக்கே தெரியலீங்க. போங்க, போய் வேலையைப் பாருங்க."

இதற்கு ஒரு மனுஷன் என்ன சொல்ல வேண்டும்? "இல்லைங்க, நானே வந்து சொல்றேன்" என்றல்லவா சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து "சரிங்க" என்றுதான் வந்தது. ரேடியோ லைசென்ஸ் போய்விடும், ஃபேக்டரி வேலைக்கு ஆபத்து வரும், ஊர் சிரிக்கும் என்று கணக்குப் போட்டு வந்த "சரிங்க" அது.

அவரைப் படகுப் போட்டியிலிருந்து எடுத்தார்கள். கார் ரேலிக்கும் அப்புறம் கூப்பிடவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள், இன்றைக்கும் நான்தான். ஊட்டி பஸ்ஸில் எப்போதாவது பார்ப்போம். "ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்பார். "சௌக்கியமுங்க" என்பேன். என் ஸ்டாப் வருவதற்கு முன்பே நான் இறங்கிவிடுவேன்.

போன மழைக்காலத்தில் அக்கா குன்னூரில் இறந்துபோனார். சர்ச்சுக்குப் போயிருந்தேன். பட்டறைக்காரரும் சம்சாரத்தோடு வந்திருந்தார். அடக்கம் முடிந்து எல்லோருக்கும் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்ல மனுஷிதானுங்க. ஆனா எங்க கணக்குல மட்டும் அசந்துட்டாங்க பாருங்க. நாலரை மணி நேரம் தண்ணியில கெடந்தேன். அதை இவிய மறக்கவே இல்லையாமுங்க, கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்களாமா. நான் எப்பவோ மன்னிச்சுட்டேனுங்க."

நான் வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன். "ஆமாங்க" என்றேன். அன்றைக்கும் அதுதான் வந்தது என் வாயில்.

பட்டறைக்காரர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். படிக்காவிட்டால் நானே பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஐயா, அக்கா அசரவில்லை. பேப்பூர்க் கட்டத்தில் உங்கள் ஒன்பதாம் நம்பருக்கு நேரே டிக் போட்டது நான். கேட்காத குரலைக் கேட்டேன் என்று இரண்டு முறை அவரிடம் சொன்னதும் நான். நீங்கள் மன்னிக்க வேண்டியிருந்தால் என்னைத்தான் மன்னிக்க வேண்டும். அக்காவுக்கு நீங்கள் கொடுத்த அந்த மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், அது அவருக்கு வேண்டியதே இல்லை.